மாரிக்குப்பம் ரயிலும் ஒரு விண்ணப்பப் படிவமும்

என் படத்தை முதன்முதலாக நிராகரித்த கடிதத்தில் இரண்டே வரிகள் இருந்தன. அனுப்பியதற்கு நன்றி, இந்த ஆண்டு தேர்வாகவில்லை. 2022 ஆகஸ்ட் மாதம், அல்சூர் ஏரிக்கரையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது அது வந்தது. ஓராண்டாக, கிடைத்த விடுமுறை நாள் அத்தனையையும் கொட்டி எடுத்த படம். வீடு போய்ச் சேரும்வரை எவரிடமும் வாய் திறக்க முடியவில்லை. அடுத்த ஆண்டும் அதே அமைப்புக்கு அனுப்பினேன். மறுபடியும் அதே இரண்டு வரிகள். 2024இல் படம் தேர்வானது. அதனுடன் நான் முன்மொழிந்திருந்த பொதுவெளிப் படைப்பு ஒன்றும் தேர்வாகி, பன்னிரண்டு நாள் தெருவோரத்தில் நின்றது.

பெங்களூரில் இருந்துகொண்டு இப்படி எதையாவது அனுப்பலாமா, நமக்கெல்லாம் இடம் கிடைக்குமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அமைப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள்மேல் எனக்கு மனத்தாங்கலும் உண்டு, நன்றியும் உண்டு. நகரத்தில் இதுபோன்ற சமூகக் கலை அமைப்புகள் வேறும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாலையில் குறும்படங்களைத் திரையிடுவார்கள். ஐந்தாறு படைப்புகளைப் பூங்காவிலோ தெருவிலோ வைப்பார்கள். இரண்டையும் ஒரு நடுவர் குழு தேர்ந்தெடுக்கும். கேட்கும் கேள்விகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் பகுதியில் ஒரு லைன் வீட்டில். அங்கே சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் போயிருந்தது. அப்பா இருபத்து மூன்று ஆண்டுகள் அதில் இறங்கி ஏறியவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஊரைக் காப்பாற்றியது ரயில்தான். மாரிக்குப்பத்தில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாக, ஒயிட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் கன்டோன்மென்டிலும் இறங்கி, கடைகளிலும் தையல் ஆலைகளிலும் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலைகளிலும் ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் கரைந்துபோகிறார்கள். இரவு திரும்புகிறார்கள். நானும் ஆறு ஆண்டுகள் அப்படிப் போய்வந்தவள். பிறகுதான் மர்பி டவுனில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. என் படம் அந்த ரயிலைப் பற்றியது.

முதல் பிரதி பத்தொன்பது நிமிடம். முழுவதும் கைபேசியில், பெரும்பகுதி ரயில் பெட்டிக்குள் எடுத்தது. அந்தப் படத்தில் என்ன குறை என்று அன்றைக்கு எவராவது கேட்டிருந்தால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது எண்ணிப்பார்த்தால், குறைகள் எல்லாமே படிவத்தின் கேள்விகளில் முன்பே எழுதியிருந்தன. அந்தக் கேள்விகளை நான் குமாஸ்தா வேலை என்று எண்ணி, கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு நிரப்பினேன்.

முதல் ஆண்டில் கேட்காமலே விட்ட ஒன்றை இரண்டாம் ஆண்டில் கேட்டேன். நிராகரிப்புக் கடிதத்துக்கு மறுமொழியாக, நடுவர்கள் ஏதாவது சொல்லியிருந்தால் தெரிந்துகொள்ள விரும்புகிறேன், முடிவை மாற்றச் சொல்லவில்லை என்று நான்கு வரி எழுதினேன். ஒரு வாரம் கழித்து அந்த அமைப்பிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். இருபது நிமிடம் பேசினார். நீங்களும் கேளுங்கள். எல்லா இடத்திலும் பதில் வராது. வந்தால் அந்த இருபது நிமிடம் ஒரு பட்டறைக்குச் சமம்.

அவர் முதலில் சொன்னது ஒலியைப் பற்றி. பன்னிரண்டாம் நிமிடத்துக்குப் பிறகு உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கைபேசியில் படம் எடுக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வினாடிக்கு 30 சட்டகம் (ஃப்ரேம்) என்று கைபேசி காட்டும். ஆனால் வெளிச்சம் குறைந்தால் தானாகவே எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும், பிறகு கூட்டிக்கொள்ளும். படத்தொகுப்பு மென்பொருள் அதைச் சீரான வேகம் என்று நம்பிவிடும். ஒரு நிமிடத் துண்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விடியற்காலை இருட்டில் இருபது நிமிடம் தொடர்ந்து எடுத்தால் தெரியும். தொகுக்கத் தொடங்கும் முன்பே எல்லாத் துண்டுகளையும் மாறாத சட்டக வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளே போதும். குரலைத் தனியாக ஒரு சிறு பதிவுக் கருவியில் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. நடுவர்கள் மடிக்கணினியில்தான் பார்க்கிறார்கள், ஒரே நாளில் பல படங்கள் பார்க்கிறார்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். குரல் புரியாவிட்டால் பொறுக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பாட்டு. பெட்டியில் யாரோ ஒருவருடைய கைபேசியில் எழுபதுகளின் திரைப்பாடல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அழகான தருணம். அதை இழுத்து இரண்டு நிமிடக் காட்சிக்கு அடியில் போட்டிருந்தேன். 'படத்தில் உள்ள இசைக்கு உரிமை பெற்றிருக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்திருந்தேன், நான்தானே பதிவு செய்தேன் என்ற நினைப்பில். அது தவறு. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டின் வரிகளுக்கும் இசைக்கும் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்வரை உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். இரண்டும் தனித்தனி உரிமைகள், பெரும்பாலும் தனித்தனி ஆட்களிடம் இருப்பவை. பாரதியார் பாடல்களை எவரும் பயன்படுத்தலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். 1949இலேயே நாட்டுடைமை ஆனவைதாம். ஆனால் பாரதியின் வரிகளை ஒரு திரைப்படத்துக்காக ஒருவர் இசையமைத்து, இன்னொருவர் பாடி வெளியிட்ட பதிவு பொதுச்சொத்து ஆகிவிடாது. வரிகளை எடுத்துக்கொண்டு நீங்களே பாடுங்கள், அல்லது உங்கள் தெருவில் ஒருவரைப் பாடச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. ரயில் நிலையத்திலும் ரயிலுக்குள்ளும் பொதுத் திரையிடலுக்காகப் படம் எடுக்க ரயில்வேயின் முன் அனுமதி வேண்டும். எங்கள் பாதை தென்மேற்கு ரயில்வேயில் வருகிறது. தலைமையகம் ஹுப்பள்ளியில், பெங்களூரில் கோட்ட அலுவலகம் இருக்கிறது. நான் எவரிடமும் கேட்கவில்லை. என் ரயில், என் மக்கள் என்று எண்ணிவிட்டேன். "உங்கள் படம் எங்களுக்குப் பிடித்திருந்தது, அனுமதி இல்லாமல் அதை நாங்கள் மேடையேற்ற முடியாது" என்றார் அந்த அம்மா. இதைக் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் ஓராண்டு வீணாகியிருக்காதே என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

முன்தேதியிட்டு எவரும் அனுமதி தரமாட்டார்கள். ஆக, பத்தொன்பது நிமிடத்தில் பதினாறு நிமிடம் போயிற்று. மிச்சமிருந்தது அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய மூன்று நிமிடம் மட்டுமே.

அந்த மூன்று நிமிடத்தில் அப்பா தன் கூட்டாளி ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். பாறை வெடிப்பில் போனவர். எங்கள் வீட்டில் அவரை மாமா என்போம். என் படத்தின் உயிரே அந்தப் பேச்சுதான் என்று நான் நம்பியிருந்தேன். 2024 படிவத்தில் புதிதாக ஒன்று கேட்டிருந்தார்கள். படத்தில் பேசுகிற ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் எழுதிய ஒப்புதல் வாங்க வேண்டும், அதை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அப்பாவிடம் ஒப்புதலா என்று முதலில் எரிச்சல் வந்தது. இருந்தாலும் தமிழில் எழுதிக்கொண்டு ஊருக்குப் போனேன். மாலையில் காப்பி குடித்தபடி வாசித்தேன். 'இந்தப் படம் எந்த ஊரிலும், எத்தனை ஆண்டுகள் கழித்தும் காட்டப்படலாம்' என்ற வரி வந்ததும் அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அப்படியென்றால் உன் அத்தையும் பார்ப்பாள்."

"பார்க்கலாம் அப்பா."

"அவளிடம் கேட்டாயா, பாப்பா? அது அவள் வீட்டுச் சாவு."

நான் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக, இரண்டு விண்ணப்பங்களில், அவர் மனைவிக்குத் தெரியாமல் அந்தச் சாவைப் பெங்களூரில் முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் தங்கவயலிலேயே கோரமண்டல் பகுதியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதைப் போடாதே கண்ணு. அவர் செத்த கதையை ஊரே சொல்லிவிட்டது. வேண்டுமானால் நாளைக் காலை மூன்று மணிக்கு வா" என்றார். போனேன். மாமாவின் முதல் ஷிஃப்டுக்காக மூன்று மணிக்கு எழுந்து பழகிய உடம்பு அத்தைக்கு; இன்னும் அதே நேரத்துக்கு எழுகிறார். இப்போது மகளின் ரயிலுக்காக. அடுப்பு பற்றுகிறது, சோறு கொதிக்கிறது, மகள் தலை பின்னிக்கொள்கிறாள், ஜன்னலுக்கு வெளியே லைன் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிகிறது. என் படம் அங்கே இருந்தது.

ரயிலுக்குள் ஒரு காட்சியும் இல்லாமல் அந்தப் படத்தைப் புதிதாக எடுத்தேன். நான்கு வீடுகளின் சமையலறைகள். இருட்டில் நிலையத்தை நோக்கி நடக்கும் கால்கள். அத்தை பாடிய ஒரு தாலாட்டு. அவருடைய பாட்டி பாடியது, எழுதியவர் எவருமில்லை, உரிமைச் சிக்கலும் இல்லை. கடைசியில் தொலைவில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மண்மேட்டின் அடியில் வெளிச்சச் சதுரங்களாக ரயில் போகிறது, அவ்வளவுதான். பதினொரு நிமிடம் நாற்பது வினாடி. அப்பாவின் பேச்சில் மாமா வரும் பகுதியை நீக்கிவிட்டேன். அப்பா புதிதாக ஒன்று சொன்னார், அது இருக்கிறது.

ஒப்புதல் வாங்குவதில் நான் இப்போது கடைப்பிடிப்பது இதுதான்: இரண்டு பிரதி, ஒன்று அவர்களிடம். முழுப் படத்தையும் அனுப்பும் முன் அவர்களுக்குக் காட்டுவேன். இந்தத் தேதிக்குள் வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவேன் என்று எழுதிக் கொடுப்பேன். பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் கையெழுத்தோடு அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

சப்டைட்டில் வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் அதைக் கடைசி வாரத்தில் எவரிடமாவது கொடுத்துவிடுகிறோம். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 42 எழுத்துக்குள். ஒரு வினாடிக்குக் குறைவாகவோ ஏழு வினாடிக்கு மேலோ நிற்க வேண்டாம். இவை தொழில்முறையில் பரவலாகப் பின்பற்றுகிற அளவுகள். கோப்பை யூனிகோடாகச் சேமியுங்கள், இல்லாவிட்டால் கன்னட வரிகள் கட்டங்களாகத் தெரியும். இதெல்லாம் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். எனக்கு மூன்று வாரம் பிடித்தது 'கீழே' என்ற ஒரு சொல்லால். அப்பா அந்தச் சொல்லைப் படத்தில் ஒன்பது முறை சொல்கிறார். முதல் ஆண்டு அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் சுரங்கம் என்றே ஆங்கிலத்தில் போட்டிருந்தேன். வரிவரியாகக் காது கொடுத்துக் கேட்டபோதுதான் புரிந்தது, நான்கு இடத்தில் அது வேலைக்குப் போன இடம்; மூன்று இடத்தில் மேலே வராமல் போனவர்கள் இருக்கும் இடம்; இரண்டு இடத்தில் எது என்று அவரே சொல்ல விரும்பவில்லை. அப்பாவோடு முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். சப்டைட்டில் எழுதும்வரை இது என் காதில் விழவில்லை. கன்னட வரிகளை மர்பி டவுனில் எதிர்வீட்டு ஆசிரியை பார்த்துத் திருத்திக் கொடுத்தார்.

படச்சுருக்கத்தை எதற்கு இவ்வளவு விவரமாகக் கேட்கிறார்கள் என்று எரிச்சல்படுவோர் உண்டு. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தை விழாவில் காட்ட, நடத்துபவர்கள் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குக் கேட்க வேண்டும். நாம் கொடுக்கும் சுருக்கம் அந்த விண்ணப்பத்தோடு போய்ச் சேர்கிறது. அதனால் புதிர்போல எழுதாமல், படத்தில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

படைப்பாளர் குறிப்புக்கும் இதையே சொல்வேன். முதல் ஆண்டு நான் எழுதிய குறிப்பில் இடப்பெயர்வு, அந்நியமாதல், நினைவின் அடுக்குகள் என்று கனமான சொற்கள் இருந்தன. எந்தப் படத்துக்கும் அது பொருந்தும். மூன்றாம் ஆண்டு இப்படித் தொடங்கினேன்: 'சுரங்கம் மூடிய ஆண்டில் பிறந்த ஒரு பெண் இப்போது காலை மூன்றேகாலுக்கு எழுகிறாள். அவளுடைய அப்பாவும் அதே நேரத்துக்குத்தான் எழுந்தார்.' ஒரு நடுவர் பின்னர் என்னிடம், அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுத்தான் படத்தை ஓடவிட்டதாகச் சொன்னார்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு ஃபிலிம்ஃப்ரீவே தளத்தின் வழியாக ஒன்பது விழாக்களுக்கு அனுப்பி, பதினான்காயிரம் ரூபாய்க்கு மேல் நுழைவுக் கட்டணம் கட்டினேன். அதில் இரண்டு விழாக்கள் மாதம்தோறும் விருது அறிவிப்பவை. அரங்கமும் கிடையாது, பார்வையாளரும் கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். இன்று நான் அனுப்பும் முன் மூன்றைப் பார்க்கிறேன். சென்ற ஆண்டுப் படங்கள் உண்மையில் ஓர் அரங்கில் ஓடினவா, நடுவர்களின் பெயர் வெளியே தெரிகிறதா, அந்த ஊரில் எவரேனும் அங்கே போய்ப் படம் பார்த்திருக்கிறார்களா. கட்டணம் தொடக்கத்தில் குறைவாகவும் கடைசி நாளை நெருங்க நெருங்கக் கூடுதலாகவும் இருக்கும், ஆகவே முன்கூட்டியே அனுப்புங்கள். கட்ட முடியாத நிலை என்றால் விலக்குக் கேட்டுப் பணிவாக எழுதுங்கள். எனக்கு இரண்டு இடத்தில் கொடுத்தார்கள். படத்தை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள், முதல் திரையிடலாக இருக்க வேண்டும் என்று கேட்கும் விழாக்கள் உண்டு. நீளம்: 40 நிமிடம்வரை ஆஸ்கரே குறும்படம் என்கிறது. ஒரு மாலையில் எட்டுப் படம் காட்ட வேண்டிய சிறு அமைப்புக்கு முப்பது நிமிடப் படம் என்றால் மூன்று பேருடைய இடம் போகும்.

இனிப் பொதுவெளிப் படைப்பு.

ரயிலுக்குள் எடுத்தவை எல்லாம் கைவிட்டுப் போனபின், அந்தப் பெட்டியின் உள்பக்கம் என் மனத்தைவிட்டுப் போகவில்லை. மரப்பலகை இருக்கையில் நான்கு பேர் இடத்தில் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் தூங்குவார்கள். எடுக்க முடியாததைக் கட்டிவிடலாம் என்று தோன்றியது. எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள், நடுவே கம்பி போட்ட ஒரு ஜன்னல் சட்டம். உட்கார்ந்தால், தலைசாய்க்கும் உயரத்தில் பொருத்திய சிறு ஒலிபெருக்கியில் பெண்கள் பேசுவது கேட்கும். அவ்வளவுதான் படைப்பு.

இந்தப் பகுதியின் படிவம் படத்தின் படிவத்தைவிடக் கடுமையாக இருந்தது. நீளம், அகலம், உயரம், எடை, அடித்தளம், மின்சாரம் எங்கிருந்து, மழை பெய்தால் என்ன, குழந்தை ஏறினால் என்ன, இரவில் காவல் யார், எத்தனை மணி நேரத்தில் பிரிப்பீர்கள், பிரித்தபின் இது எங்கே போகும். கடைசிக் கேள்விக்கு 'என் வீட்டுக்கு' என்று முதலில் எழுதினேன். என் வீடு ஒற்றை அறை. அடித்துவிட்டு யோசிக்கத் தொடங்கினேன்.

அளவுநாடாவோடு அவர்கள் முதலில் கொடுத்த பூங்காவுக்குப் போனேன். காலை ஆறு, பகல் ஒன்று, இரவு எட்டு என மூன்று நேரம். நான் குறித்து வைத்திருந்த மரத்தடியில் பகல் முழுவதும் துணி தேய்க்கும் ஒருவர் வண்டி போட்டிருந்தார். வரைபடத்தில் அவர் இல்லை. அங்கே வைத்திருந்தால் பன்னிரண்டு நாள் அவர் பிழைப்புப் போயிருக்கும். இடத்தைப் பார்க்காமல் பொதுவெளிக்கு எதையும் முன்மொழியாதீர்கள்.

பெங்களூரில் செப்டம்பர்தான் மிகுந்த மழை பெய்யும் மாதம், அக்டோபரும் லேசுப்பட்டதில்லை. நிகழ்வு அக்டோபரில். சாதாரண ஒட்டுப்பலகை நான்கே நாளில் உப்பி, ஓரம் பிரிந்துவிடும் என்று தச்சர் அண்ணன் சொல்லிவிட்டார். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை என்ற நீர் தாங்கும் ஒட்டுப்பலகை வாங்கினோம். விலை ஏறத்தாழ இரு மடங்கு. இரும்புச் சட்டத்துக்குச் சிவாஜிநகர் பழைய இரும்புக் கடையில் சதுரக் குழாய், அதன்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதற்கு மேல் எனாமல். இருக்கையை உட்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, நீர் வழிய இடைவெளி விட்டார். இந்த இடைவெளி யோசனை முழுக்க அவருடையது. படைப்பின் பெயர்ப் பலகையில் அவர் பெயரையும் போட்டோம்.

அறுபதாயிரம் ரூபாய் கொடுப்பார்கள். என் முதல் கணக்கில் பொருளுக்கும் தச்சுக்கூலிக்குமே ஐம்பத்தைந்தாயிரம் போட்டிருந்தேன். டெம்போ வாடகை இரண்டு தடவை, இரவுக் காவல், பிரிக்கும் கூலி, நடுவில் ஒன்று உடைந்தால் சரிசெய்ய ஒரு தொகை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பேசிய பெண்களுக்கு ஒரு நாள் கூலி, இவையெல்லாம் விட்டுப்போயின. பேட்டி கொடுக்க வந்த அன்று அவர்களுக்கு வேலை போயிருக்கிறது. அதைக் கணக்கில் எழுதாமல் இருப்பது நியாயமில்லை. திருத்திய கணக்கில் பொருளுக்குப் பாதிதான் ஒதுக்க முடிந்தது, அதற்கேற்ப இருக்கையின் நீளத்தைக் குறைத்தேன்.

ஒலியைப் பற்றிக் கேட்டார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது விதி. உட்கார்ந்தவருக்கு மட்டும் கேட்கும்படி ஒலிபெருக்கியைக் காதுக்கருகே வைத்ததால் தப்பித்தேன். அது படைப்புக்கும் நல்லதாயிற்று. ரயிலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது அப்படித்தானே கேட்கும்.

மொழி பற்றியும் நான் சொல்லியாக வேண்டும். இந்த நகரத்தில் பொதுவெளியில் தமிழ் எழுத்தை நிறுத்துவது எளிய விஷயமாக இருந்ததில்லை. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள், அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. அந்தக் கரையில்தான் தினமும் பஸ் ஏறுகிறேன். அதனால் என் பலகையில் கன்னடம் முதலில், பெரிதாக. தமிழ் அதற்குக் கீழே. சிலர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. அந்த ரயிலில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் பேசுகிறவர்கள் ஒரே இருக்கையில்தான் நெருக்கி உட்காருகிறார்கள், ஒலிப்பதிவிலும் நான்கு மொழியும் உண்டு.

நடுவர்கள் நேரில் அழைத்துப் பேசினார்கள். குழந்தை ஜன்னல் கம்பியில் தொங்கினால் தாங்குமா என்று ஒருவர் கேட்டார். தச்சர் அண்ணன் தானே தொங்கிக் காட்டிய ஒளிப்படத்தைக் காட்டினேன். அடுத்து, அதுவரை பேசாமலிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "இதைத் தங்கவயல்காரர்கள் எப்போது பார்ப்பார்கள்?"

என்னிடம் விடை இல்லை. நிகழ்வு நேரம் மாலை ஆறிலிருந்து ஒன்பது. அந்த நேரத்தில் அவர்கள் ஊருக்குத் திரும்பும் ரயிலில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதே இல்லை. அவர்களைப் பற்றிய ஒரு பொருளை, அவர்கள் ஒருபோதும் வர முடியாத நேரத்தில், வர முடியாத பூங்காவில் வைக்க இரண்டு மாதம் திட்டம் போட்டிருக்கிறேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். கன்டோன்மென்ட் நிலையத்துக்கு நடை தூரத்தில் அகலமான நடைபாதை ஒன்று இருந்தது. ரயில்வே நிலம் இல்லை, மாநகராட்சி இடம். காலை ஏழு மணிக்கே திறந்துவிடலாம் என்று திருத்தி எழுதிக் கொடுத்தேன். மாநகராட்சி அனுமதியை அந்த அமைப்பே அலைந்து வாங்கிக் கொடுத்தது. அதற்காக அவர்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

முதல் நாள் காலை எட்டு மணிக்கு ரயில் இறங்கி வந்த பெண்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். ஒருவர் உட்கார்ந்தார். காதருகே தன் குரலையே கேட்டுவிட்டு எழுந்து, பக்கத்தில் இருந்தவரை இழுத்து உட்கார வைத்தார். வேலைக்கு நேரமாகிறது என்று ஓடினார்கள். மறுநாள் வேறு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆறாம் நாள் பலத்த மழை. ஒரு ஒலிபெருக்கி போய்விட்டது, ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் மாற்றினோம். ஒன்பதாம் நாள் படத் திரையிடல். அப்பா வரவில்லை, மூச்சுத்திணறல். அத்தை வந்தார், மகளோடு. கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று படம் முடிந்ததும் கிளம்பிவிட்டார். பின்னர் தொலைபேசியில், சமையலறையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் இரவு நான்கு மணி நேரத்தில் பிரித்தோம். 'பிரித்தபின் எங்கே போகும்' என்ற கேள்விக்கு நான் கடைசியாக எழுதியிருந்தது கோரமண்டல் முகவரி. டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் ஓர் இருக்கையை அத்தை வீட்டு வாசலில் இறக்கினோம். இன்னொன்று எங்கள் வீட்டுத் திண்ணையில், அப்பா சாய்ந்துகொள்ள. சென்ற மாதம் போயிருந்தபோது பார்த்தேன். அத்தை அதைக் கூரை ஒழுகுகிற ஓரத்தில்தான் போட்டிருக்கிறார். விடியற்காலையில் மகள் அதில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பலகையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். இன்னும் உப்பவில்லை.